சூப்பர் ஹீரோ காமிக்ஸ்: புதிதாக வருபவருக்கு ஒன்று, திரும்பி வருபவருக்கு வேறொன்று

ஆகஸ்ட் மாதத்து ஈரோடு புத்தகத் திருவிழாவில் காமிக்ஸ் அரங்கின் முன் நிற்பவர்களைப் பெரும்பாலும் இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். ஒரு வகையினர் ஐம்பதைக் கடந்தவர்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவராகவோ, கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவராகவோ இருப்பார்கள். பள்ளிப் பருவத்தில் இரும்புக்கை மாயாவியை விழுந்து விழுந்து படித்துவிட்டு, பிறகு தொழில், கல்யாணம், கடன் என்று அந்தப் பக்கமே வராமல் இருந்து, இப்போது மறுபடியும் எட்டிப் பார்ப்பவர்கள். மற்ற வகையினர் கோவைக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள். அயர்ன் மேனையும் ஸ்பைடர்மேனையும் திரையில் பார்த்து வளர்ந்தவர்கள், ஆனால் ஒரு காமிக்ஸ் புத்தகத்தையாவது முழுதாகப் படித்திராதவர்கள். இரு தரப்பாரும் கேட்பது ஒன்றைத்தான்: "ஏனுங்க, எதுல இருந்து ஆரம்பிக்கறதுங்க?"

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் முன் நான் பார்ப்பது, ஒரு நூல் எங்கே முடிகிறது என்பதையே. சூப்பர்மேன் 1938-இலும், பேட்மேன் 1939-இலும், ஸ்பைடர்மேன் 1962-இலும் தோன்றினார்கள். மூவரின் கதையும் இன்றுவரை முடியவில்லை. முடியாத கதைக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் நாலாவது புத்தகத்தில் களைத்துப்போய் வெளியே வந்துவிடுவோம். அண்ணமார் கதையை உடுக்கடித்துப் பாடும் இரவுகளில், நடு இரவில் வந்து உட்காருபவர் முதல் இரவில் என்ன நடந்தது என்று யாரையும் கேட்பதில்லை. பொன்னரும் சங்கரும் அருக்காணித் தங்காளும் யார் என்பது அவருக்குக் கருவிலேயே தெரியும். அமெரிக்க வாசகருக்கு சூப்பர்மேன் அப்படி. நமக்கு அப்படி இல்லாததால், தானே தொடங்கித் தானே முடிந்துவிடும் நூலே நமக்கு ஏற்றது.

அட்டையில் அச்சிட்டிருக்கும் "முதல் இதழ்" என்ற எண்ணையும் நம்பிவிட முடியாது. 2011 செப்டம்பரில், சூப்பர்மேனையும் பேட்மேனையும் வெளியிடும் டி.சி. நிறுவனம் தன் இதழ் வரிசையை ஒரேயடியாகப் புதுப்பித்து, 52 தலைப்புகளை முதல் எண்ணிலிருந்து தொடங்கியது. ஐந்தே ஆண்டுகளில், 2016-இல், 'ரீபெர்த்' என்ற பெயரில் பல இதழ்களின் எண்கள் மறுபடியும் ஒன்றுக்கே வந்து சேர்ந்தன. பழைய புத்தகக் கடையில் முதல் எண்ணுள்ள பேட்மேன் இதழ் ஒன்று கையில் கிடைத்தாலும், அது எந்த முதல் என்று தெரியாமல் வாங்குவதில் பயனில்லை.

மாயாவியா, ஸ்பைடரா

திரும்பி வருபவர் "மாயாவி" என்று சொன்னால், எந்த மாயாவி என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்தவன் இரும்புக்கை மாயாவி. 1984-இல் தொடங்கிய ராணி காமிக்ஸ், தொண்ணூறுகளில் மாயாவி என்று அழைத்தது, லீ ஃபாக் 1936-இல் படைத்த, காட்டில் வாழும் முகமூடி வீரரை. கேட்பவரின் வயதை வைத்தே பாதி விடை தெரிந்துவிடும். நாற்பத்தைந்து வயதுக்காரர் தேடுவது அநேகமாக முகமூடிக்காரரைத்தான்.

இரும்புக்கை மாயாவி பிரிட்டனில் 1962-இல் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழில் பிறந்தவன். பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூட உதவியாளனான லூயி கிராண்டேலுக்கு வலது கை போய் இரும்புக்கை பொருத்தப்பட்டிருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும், உடல் மறைந்துவிடும். வாரத்துக்குச் சில பக்கங்கள் மட்டுமே வெளியான தொடர் என்பதால், அந்தச் சில பக்கங்களுக்குள் ஒரு சிக்கல் முடிந்து அடுத்தது தொடங்கியாக வேண்டும். நூலாகத் தொகுக்கும்போது அதுவே மூச்சுவிட முடியாத வேகமாக மாறிவிடுகிறது. பள்ளி நாட்களில் நம்மைக் கட்டிப்போட்டது இந்த வேகம்தான். இன்று மறுபடி படிக்கும்போது கண்ணில் படுவது ஹெசுஸ் பிளாஸ்கோவின் ஓவியம்: விளக்கு வெளிச்சத்தில் தனியாக மிதந்து வரும் கையும், அதன் நிழல் சுவரில் விழும் விதமும், வண்ணமே இல்லாமல் கறுப்பு மையால் மட்டும் வரையப்பட்டவை. அத்துடன், சக்தி கிடைத்தவுடன் கிராண்டேல் முதலில் குற்றங்களில்தான் இறங்குகிறான், நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளியாவது பின்னால்தான் என்பதையும் பலர் மறந்திருப்பார்கள்.

ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்ல, இவன் வேறொருவன்) தொடக்கத்தில் குற்றவாளிதான்; ஆனால் அவன் குற்றச் சக்கரவர்த்தியாகவே வேண்டும் என்று திட்டம் போட்டு, பெல்ஹாம், ஆர்டினி என்ற இரு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு இறங்குகிறவன். 1965-இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் வந்தவனை, 1984-இல் தமிழில் தொடங்கிய லயன் காமிக்ஸ் இங்கே கொண்டுவந்தது. அவனுடைய கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், அதாவது சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். சூப்பர்மேனை ஒரு முறையும் படித்ததில்லை என்று சொல்லும் நம் ஊர் அண்ணன்மார் பலர், சீகலின் கைவண்ணத்தை எண்பதுகளிலேயே தமிழில் படித்துவிட்டார்கள்.

இரண்டில் எது? மீண்டும் வருபவருக்கு மாயாவியையே சொல்வேன். ஸ்பைடரின் எதிரிகள் இதழுக்கு இதழ் ஊதிப் பெருக்கப்பட்டவர்கள், ஐம்பது வயதில் ஒன்றுக்கு மேல் தாங்காது. ஆனாலும் மாயாவியையும் ஒன்றிரண்டு படித்தபின் நிறுத்திவிட்டு வேறு நூலுக்குப் போவது நல்லது. பெண்கள் ஏறத்தாழ இல்லாத உலகம் அது. வெளிநாடுகளைப் பற்றிய அதன் பார்வையும் அந்தக் காலத்து ஆங்கிலேயச் சிறுவனின் பார்வை. புதிதாக வரும் கல்லூரிப் பிள்ளைக்கு இரண்டுமே முதல் நூலாக ஆகாது. அப்பாவின் நினைவுகள் அவர் கையில் இல்லை; மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும் என்றதும் சிரித்துவிடுவார்.

பேட்மேனும் சூப்பர்மேனும்

அமெரிக்க நூல்களில், ஒரே தொகுப்பில் முடிந்துவிடும் இரண்டை எதிரெதிரே வைத்துப் பார்ப்பது பயன் தரும். ஒன்று, 'பேட்மேன்: இயர் ஒன்'; 1987-இல் நான்கு இதழ்களாக வந்தது; எழுத்து ஃபிராங்க் மில்லர், ஓவியம் டேவிட் மாசுக்கெல்லி. மற்றது, 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்'. 2005 முதல் 2008 வரை பன்னிரண்டு இதழ்கள். எழுத்து கிராண்ட் மாரிசன், ஓவியம் ஃபிராங்க் குவைட்லி.

முதலாவதில் பேட்மேனுக்குச் சமமாக, சொல்லப்போனால் அவனைவிடக் கூடுதலாகவே, கதையைத் தாங்குபவர் காவல்துறை அதிகாரி ஜிம் கார்டன். லஞ்சத்தில் ஊறிய ஒரு நகரத்துக்கு மாற்றலாகி வந்து, கூட வேலை செய்பவர்களே அடித்துப் போடும் நிலையில், கர்ப்பிணி மனைவியுடன் எப்படிப் பிழைப்பது என்று தவிக்கும் மனிதர். பேட்மேனோ முதல் ஆண்டில் கற்றுக்குட்டி. தொலைக்காட்சிப் பெட்டியைத் திருடிக்கொண்டு இறங்கும் மூன்று பையன்களை மடக்கப் போகிறான். ஒருவன் மாடியிலிருந்து தவறி விழப் போக, அவனைப் பிடித்துத் தொங்கவிட்டபடியே மற்ற இருவரிடம் அடி வாங்குகிறான். திருடனைக் காப்பாற்றுவதற்காகத் திருடர்களிடம் உதை வாங்கும் இந்த ஒரு காட்சியில், கொலை செய்யக் கூடாது என்ற அவனுடைய நெறி எந்தப் பிரசங்கமும் இல்லாமல் நிலைநாட்டப்பட்டுவிடுகிறது. பறக்கும் மனிதர்களோ விண்கலங்களோ இதில் இல்லை. துப்பறியும் கதை படித்துப் பழகியவர் அப்படியே உள்ளே நுழைந்துவிடலாம்.

இரண்டாவது நூலின் முதல் பக்கத்தைப் பார்த்தவுடனேயே அதன் துணிச்சல் தெரிந்துவிடும். அழியப் போகும் கோள், அதன் விஞ்ஞானிகள், கடைசி நம்பிக்கையாக அனுப்பப்படும் விண்கலம், குழந்தையை எடுத்து வளர்க்கும் தம்பதி: நான்கு படங்கள், படத்துக்கு இரண்டே சொற்கள். சூப்பர்மேனின் பூர்வ கதை அந்த ஒரு பக்கத்தோடு முடிந்தது. அடுத்த பக்கத்தில் கதை சூரியனுக்கே போய்விடுகிறது. அளவுக்கு மீறிச் சூரிய ஆற்றலை உள்வாங்கியதால் அவருக்குச் சாவு நெருங்கிவிட்டது. எஞ்சிய நாட்களில் என்னென்ன செய்து முடிக்கிறார் என்பதே மீதிக் கதை. பத்தாவது இதழில், உயரமான கட்டடத்தின் விளிம்பில் தற்கொலை எண்ணத்தோடு நிற்கும் ஒரு பெண்ணின் பின்னால் வந்து நின்று, ஓரிரு வாக்கியம் பேசி அவளை அணைத்துக்கொள்கிறார். உலகத்தையே தூக்கக்கூடியவர் அங்கே செய்வது அவ்வளவுதான், அதற்கும் ஒரே பக்கம்தான். கிளார்க் கென்ட் என்ற சாதாரண மனிதனாக வேடமிட்டிருக்கும்போது கூன் போட்டுக்கொண்டு தடுமாறி ஒருவர்மேல் மோதுகிறார். சற்று நிதானித்துப் பார்த்தால், அந்த மோதலே அந்த ஆளின் தலைமேல் விழவிருந்ததிலிருந்து அவரைக் காப்பாற்றியிருக்கிறது.

சிறந்த நூல் எது என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை, இரண்டாவதுதான். முதலில் கொடுக்க வேண்டியது எது என்பது வேறு கேள்வி. பழைய காமிக்ஸ் வாசகரிடம் 'இயர் ஒன்' முதலில் போகட்டும். ராஜேஷ்குமார் நாவல்களும் அவர் கூடவே படித்தவர்தானே, காவல்துறைக் கதை அவருக்குப் புதிதில்லை. ஒரு குறை உண்டு: பேட்மேனான புரூஸ் வெயினின் மனக்குரல் கூட்டெழுத்து ஆங்கிலத்தில் அச்சாகியிருப்பதால், தமிழ் வழியில் படித்தவர் முதல் சில பக்கங்களில் தடுமாறக்கூடும். கல்லூரிப் பிள்ளைக்கு 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்'. திரைப்படங்கள் வழியாக அறிவியல் புனைவில் ஊறிய அவருக்கு அதன் விசித்திரங்கள் உறுத்தாது. சூப்பர்மேன் சலிப்பானவர் என்று திரையரங்கில் ஏற்பட்ட அபிப்பிராயத்தையும் அந்நூல் மாற்றிவிடும். 2024-இல் இது சிறிய அளவிலான மலிவுப் பதிப்பாகவும் வந்தது. பிள்ளைகளுக்கு அதுவே போதும். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்கள் பெரிய பதிப்பையே வாங்குவது நல்லது, பேச்சுக் குமிழிகளில் எழுத்து அவ்வளவு பொடி.

'வாட்ச்மென்' நூலை யார் கேட்டாலும் முதலில் பரிந்துரைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. சூப்பர் ஹீரோ கதைகளைக் கேள்வி கேட்கும் நூல் அது. அந்தக் கதைகளில் நாலைந்தையாவது படித்திராதவருக்கு அந்தக் கேள்விகள் யாரை நோக்கியவை என்றே புரியாது. பிறகு படிக்கட்டும்.

இரண்டு ஸ்பைடர்மேன்கள்

ஸ்பைடர்மேன் விஷயத்தில் தேர்வு இன்னும் எளிது, ஏனென்றால் இரண்டு வாசகருக்கும் தனித்தனியாக அளவெடுத்துத் தைத்ததுபோல் இரண்டு தொடர்கள் இருக்கின்றன. இரண்டின் பெயரும் 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' என்பதால், வாங்கும்போது எழுதியவர் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும்.

2000-இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதி மார்க் பேக்லி வரைந்தது, பள்ளி மாணவனான பீட்டர் பார்க்கரின் கதை. 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் பதினொரு பக்கங்களில் சொல்லி முடித்த பூர்வ கதையை இவர்கள் ஏழு இதழ்களுக்கு விரித்தார்கள்; அந்த இடைவெளி முழுவதும் பேச்சு, வகுப்பறை, பெரியப்பா பென் வீட்டுச் சாப்பாட்டு மேசை. பழையவர்களுக்கு இது இழுவையாகத் தெரியும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பதினெட்டு வயதுக்காரருக்கோ அந்தப் பேச்சுதான் சுவை. முதல் தொகுப்பு ஏழு இதழ்களுடன் ஒரு முழுக் கதையாக நிற்கிறது. பிடித்தால் இருவர் கூட்டணி 111 இதழ்கள் வரை நீள்கிறது, பிடிக்காவிட்டால் அத்தோடு விட்டுவிடலாம்.

2024 ஜனவரியில் ஜோனதன் ஹிக்மன் எழுத்தில், மார்கோ கெக்கெட்டோ ஓவியத்தில் தொடங்கிய தொடரில் பீட்டருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலந்தி கடிக்க வேண்டிய வயதில் கடிக்கவில்லை. வாழ்க்கையில் ஏதோ ஒன்று தவறிப்போனது என்ற உறுத்தலுடன் வேலைக்குப் போய்வரும் குடும்பஸ்தனுக்கு, இவ்வளவு காலம் கழித்து அந்த வாய்ப்பு வந்து சேர்கிறது. வழக்கமாக இறந்துவிடும் பென் இதில் உயிரோடு இருந்து, பத்திரிகைக்காரர் ஜேமிசனோடு சேர்ந்து பத்திரிகை தொடங்குகிறார். கம்பெனிக் கணக்கை முடித்துவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் திருப்பூர்க்காரருக்கு இதைவிட நெருக்கமான சூப்பர் ஹீரோ கதை எனக்குத் தெரியவில்லை. வழக்கமான கதை தெரிந்திருந்தால்தான் இந்த மாற்றங்கள் ருசிக்கும் என்றாலும், அதற்குத் திரைப்பட அறிவே போதும்.

பெண் வாசகர்களுக்கென்று தனியாகப் பரிந்துரைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 2014-இல் தொடங்கிய 'மிஸ் மார்வெல்' யார் கையிலும் பொருந்தும். ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் கமலா கான், இரவு விருந்துக்கு அனுமதி கேட்டு, கிடைக்காமல், ஜன்னல் வழியாக வெளியேறுகிறாள். "அத்தனை பேர் இருக்கற இடத்துக்கு ராத்திரியில உனக்கென்ன வேலை" என்று கேட்கும் வீடு கோபிச்செட்டிபாளையத்திலும் உண்டு என்பதால், ஜி. வில்லோ வில்சன் எழுதிய அந்தக் காட்சிக்கு அடிக்குறிப்பு எதுவும் தேவைப்படாது. முதல் தொகுப்பு ஐந்தே இதழ்கள். 2015-இல், அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருது பெற்றது.

நீண்ட கதைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு, நீண்டாலும் முடிந்துவிட்ட இரண்டு இருக்கின்றன. ராபர்ட் கிர்க்மன் எழுதிய 'இன்வின்சிபிள்' 2003-இல் தொடங்கி 2018-இல் 144 இதழ்களோடு முடிந்தது. 'மை ஹீரோ அகாடமியா' என்ற மாங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ், 2014-இல் தொடங்கி 2024-இல் முடிந்து 42 தொகுதிகளாக நிற்கிறது. முன்னதில் ரத்தம் அதிகம், அட்டையின் பளிச்சென்ற நிறங்களைப் பார்த்து ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. பின்னதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், ஆனால் கறுப்பு வெள்ளையில் முத்து காமிக்ஸ் படித்துப் பழகிய கண்ணுக்கு அதன் பக்கங்கள் அந்நியமாக இருக்காது. இரண்டிலும் மூன்று தொகுதிக்கு மேல் ஒரே தவணையில் வாங்க வேண்டாம். இறக்குமதிப் புத்தகத்தின் விலை டாலரோடு ஏறி இறங்குவது. கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் அமெரிக்க இதழ்கள் எப்போதாவது தலைகாட்டினாலும் தொடரின் நடு இதழாகவே இருக்கும் என்பதால், அங்கே ஓவியத்துக்காக மட்டும் வாங்கலாம், கதைக்காக வாங்க வேண்டாம்.