பொக்கோ எஃப்1இல் லீனியேஜ் ரொம்: வைபை, புளூடூத், சிம் எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைப் பாவனைக்கு ஒரு மதிப்பீடு

பொக்கோ எஃப்1 வந்தது 2018இல். ஷயோமி அதற்குக் கடைசியாகக் கொடுத்தது ஆண்ட்ராய்ட் 10, அதற்கு மேல் தங்கள் சொந்த இடைமுகமான எம்ஐயூஐ 12. அதோடு கைகழுவிவிட்டார்கள். ஆனால் உள்ளே இருப்பது ஸ்னாப்டிராகன் 845, 4000 எம்ஏஎச் பற்றரி. இன்றைக்கும் வட்ஸ்அப், யூடியூப், பிள்ளைகளின் சூம் வகுப்பு என்று எதற்கும் சளைக்காது. அதனால்தான் பாவித்த எஃப்1ஐ வாங்கி, ஷயோமியின் மென்பொருளுக்குப் பதிலாக லீனியேஜ்ஓஎஸ் என்ற இலவச ஆண்ட்ராய்ட் மென்பொருளை (இப்படிப்பட்டதைத்தான் ரொம் என்பார்கள்) ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த மதிப்பீடு ஆண்ட்ராய்ட் 14ஐ அடிப்படையாகக் கொண்ட லீனியேஜ் 21 பற்றியது. கமரா, கேம் எல்லாம் வேறு யாராவது எழுதட்டும். இங்கே பார்ப்பது வயரில்லாத் தொடர்பை மட்டும்தான், ஏனென்றால் ரொம் மாற்றியவர்களின் முறைப்பாட்டில் பாதி அதுதான்: "வைபை ஒன் ஆகுதில்ல", "வீட்டு ரவுட்டர் காட்டுதில்ல", "கனெக்ட் ஆகுது, நெட் இல்ல". தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ரொம் நல்லது. 5 கிகாஹேர்ட்ஸ் வைபையும் புளூடூத்தும் எம்ஐயூஐயில் ஓடியதற்குக் குறையாமல் ஓடும். கரைச்சல் வருவது பெரும்பாலும் ரொமுக்கு அடியில் இருக்கும் ஃபேர்ம்வேரால் (சிப்புகளை நேரடியாக இயக்கும் மென்பொருள்), அல்லது ரவுட்டர் பக்கத்து அமைப்பால். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் இதில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

ஏன் அப்படி என்று விளங்க, இந்தப் போனின் வைபை எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும். வைபைக்கும் புளூடூத்துக்கும் டபிள்யூசிஎன்3990 என்ற ஒரே சிப். அதில் வைபைக்கான ஃபேர்ம்வேர் ஓடுவது, சிம் சிக்னலைக் கவனிக்கும் மோடெம் புரொசசருக்குள். கோப்பு இருப்பதும் சேமிப்பகத்தில் மோடெமுக்கென்று ஒதுக்கிய பகுதியில், அதாவது மோடெம் பார்ட்டிஷனில்தான். புளூடூத்தின் ஃபேர்ம்வேருக்குத் தனியாக ஒரு பார்ட்டிஷன் உண்டு. ரொம் கோப்பு பொதுவாக எழுதுவது பூட், சிஸ்டம், வெண்டர் ஆகியவற்றை. மோடெம் பக்கம் அது போவதில்லை. ஆகவே ஆண்ட்ராய்ட் 9 காலத்து மோடெமுக்கு மேல் ஆண்ட்ராய்ட் 14 ரொமை ஏற்றினால், மேலே உள்ள டிரைவர் ஒரு பாஷை கதைக்கும், கீழே உள்ள ஃபேர்ம்வேர் வேறு பாஷை கதைக்கும். சில ரொம்கள் பழைய ஃபேர்ம்வேரைக் கண்டால் நிறுவவே விடாது. சில சத்தமில்லாமல் ஏறிவிட்டு, பிறகு வைபை சுவிட்சை மட்டும் செத்ததாக வைத்திருக்கும். "ஃபொர்மெட் பண்ணிப் பாருங்கோ" என்ற புத்திமதி இதில் எடுபடாததற்குக் காரணமும் அதுதான். ஃபொர்மெட் டேட்டாவைத்தான் அழிக்கும், மோடெமைத் தொடாது.

ஏற்றுவதற்கு முன்னம் செய்யவேண்டியது இரண்டு. ஒன்று பெக்கப். டிடபிள்யூஆர்பி ரிக்கவரியில் (ஆண்ட்ராய்டுக்கு வெளியே திறந்து பெக்கப் எடுக்கவும் ரொம் ஏற்றவும் உதவும் கருவி) பெக்கப் பட்டியலுக்குள் பெர்சிஸ்ட், ஈஎஃப்எஸ் என்ற இரண்டு பார்ட்டிஷன்களையும் ரிக் போட்டு எடுத்து, உடனே கணினிக்கோ பென்டிரைவுக்கோ மாற்றிவிட வேண்டும். போனுக்குள்ளேயே வைத்தால் அடுத்த ஃபொர்மெட்டில் அதுவும் போய்விடும். ஐஎம்இஐ, ரேடியோ அளவீடு, சென்சர் அளவீடு என்று அந்த ஒரு போனுக்கே உரிய விபரங்கள் இவற்றில்தான் இருக்கின்றன. கூட்டாளியின் எஃப்1இல் இருந்து எடுத்த பெர்சிஸ்டைப் போட்டு ஒப்பேற்றலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

மற்றது ஃபேர்ம்வேர். ஆண்ட்ராய்ட் 10 எம்ஐயூஐயின் ஃபேர்ம்வேர் இருந்தால்தான் இந்த ரொமுக்குச் சரிவரும். பாதுகாப்பான வழி, கடைசி எம்ஐயூஐ 12ஐ கணினியில் ஓடும் ஷயோமியின் மி ஃபிளாஷ் மூலம் முழுதாக ஏற்றி, ஒருமுறை பூட் செய்து, வைபை, புளூடூத், இரண்டு சிம் எல்லாம் வேலைசெய்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே லீனியேஜுக்குப் போவது. மி ஃபிளாஷின் கீழ்ப்பக்கத்தில் மூன்று தெரிவுகள் வரும். அதில் "கிளீன் ஓல் அண்ட் லொக்" என்பது தானாகவே தெரிவாகி இருக்கும். அதை "கிளீன் ஓல்" என்று மாற்றாமல் அழுத்தினால் பூட்லோடர் (போன் எழும்பும்போது முதலில் ஓடி, வேறு ரொமை விடுவதா என்று தீர்மானிப்பது) திரும்ப லொக் ஆகிவிடும். பிறகு அன்லொக்குக்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் 168 மணித்தியாலம். அன்லொக்குக்காக மி கணக்கைப் போனோடு இணைக்கும்போது வைபையை நிறுத்தி சிம் டேட்டாவில் இருக்கவேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. மி 8க்கும் இதே 845 சிப்தான், ஆனாலும் அதன் ஃபேர்ம்வேர் இதற்கு ஆகாது. கோப்பின் பெயரில் எஃப்1இன் குறிப்பெயரான "பெரிலியம்" (beryllium) என்று இருக்கவேண்டும்.

இனி அறிகுறிகள். வைபை சுவிட்ச் போட்டவுடன் திரும்ப ஓஃப் ஆகிறதென்றால், முதலில் செட்டிங்ஸில் "எபவுட் ஃபோன்" போய் பேஸ்பேண்ட் பதிப்பை, அதாவது மோடெம் ஃபேர்ம்வேரின் பதிப்பைப் பாருங்கள். அங்கே "அன்நோன்" என்றோ வெறுமையாகவோ இருந்தால் மோடெமே எழும்பவில்லை. மோடெம் எழும்பாவிட்டால் இந்தப் போனில் வைபையும் எழும்பாது. சிம்மும் வைபையும் சேர்ந்தே போயிருந்தால் நோய் இதுதான், மருந்து சரியான ஃபேர்ம்வேர். பேஸ்பேண்ட் ஒழுங்காகக் காட்டி, சிம்மும் வேலைசெய்து, வைபை மட்டும் எழும்பவில்லை என்றால் ஆண்ட்ராய்டின் அடிக்கருவான கேர்னலைச் சந்தேகிக்கலாம். கேம் ஓட்டுகிறவர்கள் ரொமுக்கு மேலே வேறு கேர்னல் ஏற்றுவது வழக்கம். வைபை டிரைவர் சில கேர்னல்களில் உள்ளேயே கட்டப்பட்டிருக்கும், சிலவற்றில் தனி மொடியூலாக வெண்டரில் இருக்கும். மொடியூலும் கேர்னலும் ஒரே கட்டில் உருவானவையாக இல்லாவிட்டால் அது ஏறாது. ரொமோடு வந்த பூட் படிமத்தைத் திரும்ப ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கும் சரிவராவிட்டால் கணினியில் இருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி வழியாகக் கேர்னலின் பதிவுக் குறிப்பை (log) எடுத்து, "ஐசிஎன்எஸ்எஸ்" (icnss) என்ற சொல் வரும் வரிகளைத் தேடுங்கள். வைபை ஃபேர்ம்வேர் தயார் என்று ஒரு வரி அங்கே இருக்கவேண்டும். அது இல்லையென்றால் பிழை கீழே ஃபேர்ம்வேரில், இருந்தால் மேலே ரொமில். ரொம் செய்பவரிடம் முறைப்பாடு சொல்லப்போகிறவர் இந்தப் பதிவுக் குறிப்பு இல்லாமல் போவதில் பலனில்லை.

சுவிட்ச் ஒன் ஆகிறது, அடுத்த வீட்டு ரவுட்டர்கூடத் தெரிகிறது, உங்கள் ரவுட்டர் மட்டும் தெரியவில்லை என்பது வேறு விடயம். நம் பக்கத்தில் இது மின்சாரம் போய் வந்த பிறகு அடிக்கடி நடக்கும். காரணம் அலைவரிசைத் தெரிவு. ரவுட்டர் "ஓட்டோ"வில் இருந்தால் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் புதிதாகச் சனல் தேடும். காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான இடங்களில் 1, 6, 11 மூன்றும் அயல்வீட்டு ரவுட்டர்களால் நிரம்பியிருக்க, அது 12 அல்லது 13இல் போய்க் குந்திக்கொள்ளும். போன் அமெரிக்க நாட்டுக்குறியீட்டில் ஓடினால் அந்த இரண்டையும் பார்க்கவே பார்க்காது.

ஆண்ட்ராய்ட் எந்த நாடு என்பதை சிம் வலையமைப்பில் இருந்து எடுக்கும். இலங்கையின் குறியீடு 413. டயலொக், மொபிடெல், ஹட்ச் எது போட்டாலும் அது கிடைத்துவிடும். சிம் இல்லாமல் வீட்டு வைபையில் மட்டும் பாவிக்கிற போன், அதாவது பிள்ளையின் படிப்புக்கென்று கொடுத்த பழைய போன், ரொம் செய்தவர் வைத்த இயல்பான குறியீட்டிலேயே நிற்கும். ஒரு சிம்மைச் சும்மா செருகி சிக்னல் வந்தபிறகு வைபையை ஓஃப் செய்து ஒன் செய்தால் ரவுட்டர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் காரணம் அதுதான். நிரந்தரத் தீர்வு ரவுட்டரில் இருக்கிறது: பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரியில் உள்ளே போய், 2.4 கிகாஹேர்ட்ஸுக்கு 1, 6, 11இல் ஒன்றையும், அகலத்துக்கு 20 மெகாஹேர்ட்ஸையும், 5 கிகாஹேர்ட்ஸுக்கு 36 முதல் 48 வரையான சனல்களில் ஒன்றையும் கையால் போட்டுவிடுங்கள். 52 முதல் மேலே உள்ள சனல்களில் சிலவற்றில் ரேடார் இருக்கிறதா என்று ரவுட்டர் குறைந்தது 60 விநாடி கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்கும். அந்த இடைவெளியைப் போனின் பிழை என்று நினைத்து ரீசெட் அடிக்கிறவர்கள் உண்டு.

கனெக்ட் ஆகிறது, நெட் இல்லை. வீட்டில் என்றால் எம்ஏசி முகவரியை, அதாவது ரவுட்டர் போனை அடையாளம் காணும் முகவரியைப் பாருங்கள். ஆண்ட்ராய்ட் 10இல் இருந்து ஒவ்வொரு வைபைக்கும் போன் ஒரு கற்பனை முகவரியைக் காட்டும். ரொமை மாற்றி ஃபொர்மெட் அடித்தால் அந்தக் கற்பனையும் மாறும். அயலவர் பாஸ்வேர்டைப் பிடித்துவிடக்கூடாது என்று ரவுட்டரில் எம்ஏசி பட்டியல் போட்டு வைத்திருக்கும் வீடுகளில் நேற்றுவரை ஓடிய போன் இன்றைக்கு வெளியே நிற்பது இதனால்தான். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ என்ற நான்கில் ஒன்றாக இருந்தால் அது கற்பனை முகவரி. அந்த வைபையின் விபரத்துக்குள் "பிரைவசி" என்பதில் போனின் சொந்த முகவரியைத் தெரிவுசெய்து, அதையே ரவுட்டரில் பதிந்துவிடுங்கள்.

அறுகம்குடா, பாசிக்குடா பக்கத்து விடுதிகளில் என்றால் கதை வேறு. அங்கே பெயரும் அறை இலக்கமும் கேட்கும் ஒரு பக்கம் வந்தால்தான் நெட் திறக்கும். ரொம் பாவிப்பவர்கள் விளம்பரத்தைத் தடுக்கவென்று "பிரைவெட் டிஎன்எஸ்"இல் (இணையப் பெயர்களின் முகவரியை மறைவாகத் தேடும் அமைப்பு) ஒரு சேவையகத்தின் பெயரை நிரந்தரமாகப் போட்டு வைத்திருப்பார்கள். அது 853ஆம் போர்ட்டில் போகும். விடுதி வலையமைப்பு அதை அடைத்து வைத்திருந்தால் அந்தப் பக்கம் வராமல் போகலாம். "ஓட்டோமெட்டிக்" ஆக்கிவிட்டு உள்ளே போய், பிறகு திரும்ப மாற்றலாம். எப்போதும் ஒன்னில் இருக்கும் விபிஎன்னும் இதே வேலையைத்தான் செய்யும். பற்றரி முழுதாக இறங்கி எழும்பிய போனில் திகதி பிழையாக இருந்தாலும் பாதுகாப்பான இணையப் பக்கங்கள் திறக்காது.

வட்ஸ்அப் தகவல் திரையைத் திறந்தால்தான் வருகிறது என்பதை வைபை முறைப்பாடாகச் சொல்வார்கள். இது வைபையே இல்லை. தகவல் வந்ததென்று வட்ஸ்அப்பை எழுப்புவது கூகிள் சேவைகள், லீனியேஜில் அவை கிடையாது. அந்தச் சேவைகளின் தொகுப்பான ஜிஆப்ஸைத் தனியாக ஏற்றவேண்டும், அதுவும் ரொம் ஏற்றிய கையோடு, முதல் பூட்டுக்கு முன்னம். கூகிள் வேண்டாம் என்பவர்கள் வட்ஸ்அப்பின் பற்றரிப் பாவனையை "அன்ரெஸ்ட்ரிக்டெட்" ஆக்கிவிட்டால் ஓரளவு சரிவரும். பற்றரி கொஞ்சம் கூடச் செலவாகும்.

சிம் பக்கத்தில் பெரிதாகக் குறை இல்லை. டேட்டா வராவிட்டால் ஏபிஎன் (சிம் டேட்டாவுக்கான அமைப்பு) பட்டியல் வெறுமையா என்று பார்த்து, சேவை நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். *#06# அடித்து ஐஎம்இஐ வருகிறதா என்பதை மட்டும் தவறாமல் பாருங்கள். பாவித்த எஃப்1 வாங்கும்போது, காசு கொடுக்க முன்னமே, ஐஎம்இஐ என்று போட்டு ஓர் இடைவெளி விட்டு அந்த 15 இலக்கங்களையும் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும்.

புளூடூத்தில் பாட்டு விக்கினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸில் ஏ2டிபி ஹாட்வெயார் ஒஃப்லோட்டை (பாட்டு அனுப்பும் வேலையைத் தனிச் சிப்பிடம் விடும் தெரிவு) நிறுத்திப் பாருங்கள், போன் ரீஸ்டார்ட் கேட்கும். எல்டிஏசி என்ற உயர்தர ஒலி முறையை 990 கிலோபிட்டில் வைத்துக்கொண்டு 2.4 வைபையில் யூடியூப் ஓட்டினால் விக்கத்தான் செய்யும், இரண்டும் ஒரே அலைவரிசை. வைபையை 5க்கு மாற்றுங்கள், இல்லாட்டி எல்டிஏசியை 330க்கு இறக்குங்கள். வான்களில் பூட்டியிருக்கும் மலிவான செட்டுகள் பாட்டின் பெயரைக் காட்டாமலோ அடுத்த பாட்டுக்குத் தாண்டாமலோ இருந்தால், அதே பட்டியலில் பாட்டுக் கட்டுப்பாட்டுக்கான ஏவிஆர்சிபி பதிப்பை 1.4க்கு இறக்கி, ஜோடியை அழித்துத் திரும்பச் சேர்க்கவேண்டும்.

கடைசியாக, மென்பொருளோடு சம்பந்தமில்லாத ஒன்று. திரை மாற்றிய எஃப்1 என்றால், எந்த ரொமிலும் வைபை ரவுட்டருக்குப் பக்கத்தில் மட்டும் எடுக்கும், அறையை விட்டு வெளியே வந்தால் விழும், அல்லது சிம் பார் ஒன்றோ இரண்டோதான் நிற்கும் என்ற நிலை வரலாம். போனுக்குள் மேல் சர்க்கிட் பலகையில் இருந்து கீழ்ப் பலகைக்கு நூல்போல ஓடும் அன்டெனா வயரின் முனை சரியாக அழுந்தாமல் இருக்கும், அல்லது அன்டெனாவைத் தொடும் சிறு சுருள் தகடுகளில் பச்சை பிடித்திருக்கும். கல்லடி, பொத்துவில் மாதிரிக் கடலை ஒட்டிய இடத்தில் பின்மூடி சரியாக ஒட்டாத போனுக்கு உப்புக்காற்று அதைச் சீக்கிரமே செய்துவிடும். ஐசோபுரோபைல் அற்ககோலில் துடைத்து, வயரின் முனையைக் "கிளிக்" என்று கேட்கும்வரை அழுத்திப் பூட்டச் சொல்லுங்கள். பின்மூடியைத் திரும்ப ஒட்டமுன் வைபையின் டெசிபல் அளவைக் கடையிலேயே பாருங்கள். ரவுட்டர் இருக்கும் அதே அறையில் கழித்தல் 40, 50க்குள் நிற்கவேண்டும். கழித்தல் 70 என்று காட்டினால் மூடியை ஒட்டவிடாதீர்கள்.