தாகத்தைக் கொன்ற குடுவை: நியூ வேகஸ் முழுப் பதிப்பு, பல ஆண்டுகளுக்குப் பிறகு

மடிக்கணினியின் வட்டு செத்துப்போய், ஜோர்ஜ்டவுனில் புது வட்டு மாற்றி எடுத்து வந்தபின் நான் முதலில் நிறுவியது, அணுப்போருக்குப் பிந்தைய பாலைவனத்தில் நடக்கும் ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்ற கணினி விளையாட்டு. அதன் முழுப் பதிப்பு. 2010 அக்டோபரில் வந்த மூல விளையாட்டும், பிறகு தனித்தனியாக விலைக்கு வந்த டிஎல்சி எனப்படும் கூடுதல் தொகுப்புகள் அனைத்தும் அதில் ஒன்றாக இருக்கின்றன. பல ஆண்டுகளாக என்னிடம் உள்ள பதிப்பு இது. கதையைப் பற்றியும், தேர்வுகளுக்கு அது தரும் மதிப்பைப் பற்றியும், அடிக்கடி நின்றுபோகும் அதன் பழக்கத்தைப் பற்றியும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அதிலுள்ள ஒரு தண்ணீர்க் குடுவையைப் பற்றி.

புதிதாக நிறுவினால் எல்லா டிஎல்சியும் இயங்கும் நிலையிலேயே இருக்கும். தலையில் சுடப்பட்டுப் புதைக்கப்பட்ட தூதனாக நாம் குட்ஸ்பிரிங்ஸ் சிற்றூரில் கண் விழிக்கிறோம். டாக் மிட்செல் நம்மைக் காப்பாற்றி, ஒரு சீருடையும் சில பொருள்களும் தந்து வாசல்வரை வழியனுப்புகிறார். கதவைத் திறந்து வெயிலில் கால் வைத்ததும் திரையில் அறிவிப்புகள் வரிசையாக விழுகின்றன. ஒரு துப்பாக்கி சேர்க்கப்பட்டது. கவசம் சேர்க்கப்பட்டது. கையெறி குண்டுகளைச் சுடும் துப்பாக்கி சேர்க்கப்பட்டது. கூடவே வால்ட் 13 குடுவையும் சேர்ந்துவிடும். இனி விளையாட்டு முடியும்வரை, நாம் எதையும் அழுத்தாமலே, நம் கதாபாத்திரம் அவ்வப்போது அதிலிருந்து ஒரு மிடறு குடித்துக்கொள்ளும். குடித்த ஒவ்வொரு தடவையும் திரையின் மூலையில் செய்தி வரும். யாரிடமாவது தப்பி ஓடும்போதும் வரும். கல்லறை முன் நிற்கும்போதும் வரும்.

செய்தியைப் பொறுத்துக்கொள்ளலாம். தாகம் போய்விடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் எப்போதும் ஹார்ட்கோர் முறையில்தான் விளையாடுகிறேன். அந்த முறையில் பசி, தூக்கம், தாகம் மூன்றையும் கவனிக்க வேண்டும். தோட்டாக்களுக்கும் எடை உண்டு. மருந்து உடனே குணமாக்காது. இதை ஒரு தண்டனையாகச் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் விளையாட்டு. மொஹாவி ஒரு பாலைவனம். ஹூவர் அணைக்காக இரண்டு படைகள் மோதுவதற்கு மின்சாரத்தோடு தண்ணீரும் காரணம். வேகஸ் நகருக்கு வெளியே அரசுப் பண்ணைகளில் தண்ணீர் குறைவதைப் பற்றியே ஒரு கிளைக்கதை இருக்கிறது. குட்ஸ்பிரிங்ஸிலேயே இது தொடங்கிவிடுகிறது. சன்னி ஸ்மைல்ஸ் என்ற பெண் நமக்குச் சுடக் கற்றுத் தருகிறாள். முதலில் காலிப் புட்டிகள், பிறகு கெக்கோ பல்லிகள். அந்தப் பல்லிகள் எங்கே இருக்கின்றன? ஊரின் கிணறுகளைச் சுற்றி. சுடுவதையும், இந்த ஊர் எதனால் உயிரோடு இருக்கிறது என்பதையும் ஒரே பாடத்தில் சொல்லிவிடுகிறார்கள். வடிவமைப்பாளர்கள் இதை எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். பையில் அந்தக் குடுவையோடு போகிறவனுக்கு அந்தக் கிணறு வெறும் அலங்காரம்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலைக்காக மாநிலத்தின் பெரும்பகுதியில் தண்ணீர் நின்றபோது, வீட்டிலிருந்த ஒவ்வொரு வாளியும் எங்கே இருக்கிறது, எதற்கு ஒதுக்கியது என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. பற்றாக்குறை வந்தால்தான் இடங்கள் மனத்தில் பதிகின்றன. குழாயடி எங்கே, தொட்டி எங்கே, யார் வீட்டில் கேட்கலாம் என்பதெல்லாம் வரைபடமாகிவிடும். ஹார்ட்கோர் முறை செய்வது அதைத்தான். எந்தக் குளத்தில் கதிர்வீச்சு இருக்கிறது, எந்தக் குழாயில் இல்லை என்று நினைவில் வைத்துக்கொண்டே நடந்தால், அந்த நிலம் முழுவதும் நம்முடையதாகிவிடுகிறது.

இதில் என்னை மிகவும் வருத்துவது, அந்தக் குடுவை ஒரு மரியாதைச் சின்னம் என்பது. 1997இல் வந்த முதல் ஃபால்அவுட்டின் கதையே தண்ணீர்தான். வால்ட் 13 என்ற நிலத்தடிப் பாதுகாப்பிடத்தின் நீர்ச் சில்லு, அதாவது தண்ணீரைச் சுத்திகரிக்கும் அமைப்பின் முக்கிய உறுப்பு, பழுதாகிறது. 150 நாட்களுக்குள் வேறொன்றைத் தேடிக் கொண்டுவராவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க மாட்டார்கள். 1998இல் வந்த இரண்டாம் பாகத்தில், அந்த வால்டின் குடுவை ஒரு பழங்குடியின் புனிதப் பொருள். அப்படிப்பட்ட பொருளை எடுத்து, தண்ணீரைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம் என்று சொல்லும் கருவியாக்கிவிட்டார்கள். முதல் பாகத்தை நேசித்த யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

குடுவையோடு வரும் மற்றப் பொருள்களும் அதே தீங்கைச் செய்கின்றன. குட்ஸ்பிரிங்ஸை ஒரு கொள்ளைக் கும்பல் தாக்க வருகிறது. ஊரார் நமக்குத் துணை நிற்க வேண்டும். கடைக்காரர் செட்டிடம் பேரம் பேசத் தெரிந்தால் தோல் கவசம் கிடைக்கும்; ஈசி பீட்டிடம் வெடிபொருள் அறிவைக் காட்டினால் டைனமைட் தருவார்; மருத்துவம் தெரிந்தால் டாக் மருந்து தருவார். கதாபாத்திரத்தை உருவாக்கும்போது நாம் எடுத்த முடிவு ஒவ்வொன்றும் முதல் மணிநேரத்திலேயே ஒரு மனிதரின் முகமாக நம் முன் வந்து நிற்கிறது. பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டுகளில் இதைவிட நேர்த்தியான தொடக்கம் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. ஆனால் முழுப் பதிப்பை வைத்திருப்பவரின் பையில் இலகுவான தோல் கவசம், குண்டு சுடும் துப்பாக்கி, மருத்துவப் பைகள், வீரியமான ஊசிகள் எல்லாம் முன்பே கிடக்கின்றன. யாரிடமும் கேட்க வேண்டாம். ஊரே தேவையற்றதாகிவிடுகிறது.

குடுவையும் இந்தப் பொருள்களும் அடங்கிய நான்கு சிறு டிஎல்சி தொகுப்புகளும் எப்படி வந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெளியீட்டுக்கு முன்பே பணம் கட்டியவர்களுக்கு வெவ்வேறு விற்பனையாளர்கள் வழியே வெவ்வேறு பரிசாகத் தரப்பட்டவை இவை. ஒருவருக்கு ஒன்றுதான் கிடைத்திருக்கும். 2011 செப்டம்பரில் நான்கையும் சேர்த்து விற்பனைக்கு வைத்தார்கள். பிறகு முழுப் பதிப்பில் இணைத்தார்கள். வாங்கியவருக்கு எதுவும் விட்டுப்போகக் கூடாது என்ற நல்லெண்ணம் இதில் இருந்திருக்கும். அதை மறுக்கவில்லை. ஆனாலும் உலகத்துக்குள் அவற்றுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கலாமே? 2006இல் ஆப்லிவியன் என்ற விளையாட்டுக்குக் குதிரைக் கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்ற பெதெஸ்டா நிறுவனத்தை உலகமே திட்டியது. இன்றும் டிஎல்சி என்றால் அதைத்தான் முதலில் இழுக்கிறார்கள். அந்தக் கவசத்தை வாங்கியவர்கூடத் தலைநகருக்கு வெளியே உள்ள லாயத்துக்குப் போய், அங்கிருக்கும் ஓர்க் என்ற கற்பனை இனப் பெண்ணிடம் பேசித்தான் அதைப் பெற வேண்டும். அவளுக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு தொழில் உண்டு. காசு கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அது அந்த உலகத்தில் நடந்தது. நம் குடுவை எங்கிருந்து வந்தது என்று மொஹாவியில் யாருக்கும் தெரியாது.

இனி மறுபக்கம். இதே பதிப்பில் இருக்கும் கதைத் தொகுப்புகளைப் பற்றிப் பேசினால் என் குரல் மாறிவிடும்.

டெட் மணி 2010 டிசம்பரில் முதலில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது; கணினிக்கு 2011இல். ஒரு வானொலி அழைப்பைப் பின்தொடர்ந்து பாழடைந்த பதுங்கறைக்குள் போகிறோம். மயங்கி விழுகிறோம். விழித்தால் சியரா மாட்ரே என்ற சூதாட்ட மாளிகையின் வாசலில், கழுத்தில் வெடிக்கும் பட்டையோடு கிடக்கிறோம். சேர்த்து வைத்த ஆயுதம், கவசம், பணம் எதுவும் இல்லை. காற்றில் சிவப்பு நச்சு மேகம். பழைய வானொலிப் பெட்டிகளின் அருகில் போனால் பட்டை ஒலிக்கத் தொடங்கும், நகராவிட்டால் வெடிக்கும். குட்ஸ்பிரிங்ஸில் எதைப் பறித்தார்களோ, அந்த ஏழ்மையை அப்படியே திருப்பித் தருகிறது இந்தத் தொகுப்பு. ஒரு கத்தி கிடைத்தால் மகிழ்ச்சி. ஓர் ஊசி கிடைத்தால் அதைப் பயன்படுத்த மனம் வராது. கடைசியில் பெட்டகத்துக்குள் 37 தங்கக் கட்டிகள். ஒவ்வொன்றும் 35 எடை. தூக்கிக்கொண்டு நடக்கவே முடியாது. விட்டுவிட்டு வெளியே வா என்பதுதான் கதை முழுவதும் நமக்குச் சொல்லப்படுவது. சொன்னதை அந்த எடையைக் கொண்டே உணர வைக்கிறார்கள். பலர் இதை வெறுக்கிறார்கள், மெதுவாகப் போகிறது என்கிறார்கள். பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடித்து வந்து, பசியாறிவிட்டு, தூங்காமல் உட்கார்ந்து இதை ஆடியிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய எந்த டிஎல்சியும் எனக்கு இவ்வளவு திருப்பித் தந்ததில்லை.

ஹானஸ்ட் ஹார்ட்ஸில் சயான் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். மூலக்கதையைப் பொறுத்தவரை அது சுமார். ஜோஷுவா கிரகாம் என்ற கதாபாத்திரம் பேசும்போது மட்டும் நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் குகைகளில் சிதறிக் கிடக்கும் ஒரு மனிதனின் நாட்குறிப்பு இருக்கிறதே, 2077இல் குண்டுகள் விழுந்தபோது அந்தப் பள்ளத்தாக்கில் தனித்து மாட்டிக்கொண்டவன் எழுதியது, அதற்காகவே முழு விலையும் கொடுக்கலாம். சயானில் மழை பெய்கிறது! மொஹாவியில் ஒரு துளிகூடக் காணாதவனுக்குப் பாறை வழியே தண்ணீர் வடிவதைப் பார்ப்பது என்ன உணர்வைத் தரும் என்று நினைத்துப் பாருங்கள். ஆற்றில் குனிந்து குடிக்கலாம், கதிர்வீச்சு இல்லை. தாகத்தோடு வந்தவனுக்குத்தான் இது எட்டும்.

ஓல்ட் வேர்ல்ட் ப்ளூஸ் நன்றாகச் சிரிக்க வைக்கும். உரையாடல் சற்று நீளம். லோன்சம் ரோடு ஒரே நேர்கோட்டுப் பாதை, எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

இந்த நான்கு கதைகளின் அழைப்புகளும்கூடத் தொடக்கத்திலேயே குவிந்துவிடுகின்றன. லோன்சம் ரோடுக்குள் நுழையுமுன் நம் கதாபாத்திரம் 25ஆம் நிலையை (லெவல்) எட்டியிருப்பது நல்லது என்று விளையாட்டே எச்சரிக்கிறது. டெட் மணிக்கு 20. முதல் நிலையில் நிற்கும் ஒருவனின் பட்டியலில் அவை ஏன் வர வேண்டும்? இன்னொரு தொல்லை, ஒவ்வொரு கதையும் நிலை உச்சவரம்பை ஐந்து ஏற்றுவது. 30 என்றிருந்தது 50 ஆகிவிடுகிறது. பாதிக் கதைக்குமேல் எதிரிகள் யாரும் பொருட்டே அல்ல. இயக்குநர் ஜோஷ் சாயருக்கே இது பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது. 2011 இறுதியில் அவர் சொந்தமாக வெளியிட்ட, விளையாட்டின் விதிகளைத் திருத்தும் மாற்றத் தொகுப்பில் (மாட்) உச்சவரம்பை 35க்கு இறக்கி, சுமக்கும் எடையையும் குறைத்தார். என்னிடம் யாராவது நியூ வேகஸுக்கு ஒரே ஒரு மாற்றத் தொகுப்பு கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

குடுவையை நீக்க வழி இருக்கிறது. விளையாட்டைத் தொடங்கும் சிறு சாளரத்தில் தரவுக் கோப்புகளின் பட்டியலைத் திறந்தால் நான்கு தொகுப்புகளும் தனித்தனியே தெரியும். கிளாசிக் பேக் என்பதன் குறியை எடுத்தால் குடுவை வராது. மற்ற மூன்றையும் எடுத்துவிடுவதே என் பழக்கம். புது ஆட்டம் தொடங்குமுன் செய்துவிட வேண்டும். பாதியில் எடுத்தால் சேமித்த ஆட்டத்தைத் திறக்கும்போது உள்ளடக்கம் குறைகிறது என்று எச்சரிக்கும். வட்டு மாற்றியபின் எல்லாக் குறிகளும் மறுபடி விழுந்திருந்ததால்தான் என் கோபமும் மறுபடி எழுந்தது.

பட்டர்வொர்த்தில் என் தங்கை மகன் இருக்கிறான், பதினேழு வயது. அவன் இந்த வாரம் கேட்டான்: "மாமா, விலை இறங்கியிருக்கிறது, முழுப் பதிப்பையே வாங்கிவிடட்டுமா?" 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடாகிவிட்ட டிஜிட்டல் சேவை வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் முழுப் பதிப்புதான் மலிவு. டெட் மணி அதில் இருக்கிறது. குறியை எடுக்கும் வழியையும் இப்போதுதான் எழுதினேன். இவ்வளவுக்குப் பிறகும், வேண்டாம், மூல விளையாட்டை மட்டும் வாங்கு என்றே அவனுக்குச் சொன்னேன். பதினேழு வயதில், இலவசமாகக் கைக்கு வந்த துப்பாக்கியை யாரும் தானாக எடுத்து ஒதுக்கி வைக்கப் போவதில்லை. குட்ஸ்பிரிங்ஸை ஒருவர் முதல் தடவையாக ஒரே ஒரு முறைதான் பார்க்க முடியும். அதை அவன் வெறும் கையோடு பார்க்கட்டும். அதிகமாகும் வெள்ளியை நான் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். பத்தாம் நிலையைத் தாண்டியதும் ஹானஸ்ட் ஹார்ட்ஸ், இருபதை நெருங்கும்போது டெட் மணி, இரண்டையும் தனித்தனியாக. ஹூவர் அணைப் போரோடு ஆட்டம் முடிந்துவிடும், அதற்குமேல் தொடர முடியாது. ஆகவே அணைக்குப் போகுமுன் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.