அக்கா மகனுக்கு ஹெவி லைசன்ஸ்: ஊரில் ஆறு வாரம்

டிக்கெட் போட்ட அன்றே அக்கா போனில் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவை கல்யாணம், காதுகுத்துன்னு சுத்தாத கண்ணு. பையனுக்கு ஹெவி லைசன்ஸ் எடுத்துக் குடுத்துட்டுப் போ. நீதான் லாரிக்காரனாச்சே." லாரிக்காரன்தான், மறுக்கவில்லை. ஒன்டாரியோவில் 12 வருடமாக 53 அடி டிரெய்லர் இழுக்கிறேன். ஆனால் ஊரில் எடுத்த என் பழைய ஹெவி லைசன்ஸ் காலாவதியாகிப் பல வருடம் ஆகிவிட்டது, ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி டெஸ்ட் போட்டுக் காட்டினால்தான் புதுப்பிப்பார்கள், அதனால் சொந்த ஊரில் ஒரு பழைய ஆறு வீல் வண்டியைக்கூட நான் சட்டப்படி தொட முடியாது. இந்த லட்சணத்தில் நான்தான் வழிகாட்டி.

எங்கள் பக்கம் லாரியோடு சம்பந்தம் இல்லாத வீடு குறைவு. நாமக்கல்லில் பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக், சங்ககிரியில் லாரி ஆபீஸ், நடுவில் கேஸ் டேங்கர், முட்டை லோடு. அக்கா மகனுக்கு, அதாவது என் மாப்பிள்ளைக்கு, வயது 22. டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு வருடமாகக் கிளீனராகப் போய்க்கொண்டிருந்தான். வந்து இறங்கிய ரெண்டாம் நாள் அவன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, இது கையில இருந்தா கனடா வந்தரலாமா?" வர முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். இங்கே எடுத்த ஹெவியை அங்கே மாற்றித் தரமாட்டார்கள். முதலில் அங்கே கார் லைசன்ஸை முழுசாக எடுக்க வேண்டும், அப்புறம் டிரெய்லர் இழுக்கிற ஏ லைசன்ஸுக்குக் கட்டாயப் பயிற்சி 103.5 மணி நேரம், ஏர் பிரேக்குக்குத் தனியாக ஒரு தகுதி, எல்லாம் அரிச்சுவடியிலிருந்து. அந்தக் கட்டாயப் பயிற்சியே ஒன்டாரியோவில் 2017 ஜூலையில்தான் வந்தது. இதையெல்லாம் சொல்லாமல் ஊரில் பணம் வாங்குகிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

சரி, ஊர் நடைமுறைக்கு வருகிறேன். லாரி மாதிரி போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும், லைட் லைசன்ஸ் (கார் ஓட்டுகிற லைசன்ஸ்) எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இரண்டும் இருந்தன. முன்பு எட்டாவது பாஸ் கேட்பார்கள், 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள், அவனோடு கிளீனராகப் போகிற ஐந்தாவது படித்த பையனுக்கும் இப்போது வழி இருக்கிறது. விண்ணப்பம், பணம், தேதி எல்லாமே சாரதி என்கிற அரசு இணையதளத்தில். எல்.எல்.ஆர். (ஓட்டிப் பழகுவதற்கான லைசன்ஸ்) ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழிந்த பிறகுதான் டெஸ்டுக்குப் போகலாம். என் லீவு ஆறு வாரம். முதல் வாரமே எல்.எல்.ஆர். கையில் இருந்தால்தான் நான் இருக்கும்போதே டெஸ்டைப் பார்க்க முடியும் என்று கணக்குப் போட்டு, வந்த அசதி போவதற்குள் உட்கார்ந்து பதிந்தோம். அரசுக்குக் கட்டுகிற பணம் எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம்தான். புரோக்கர் இல்லாமலே இந்தப் பகுதி முடிந்தது என்றால் என் வயதுக்காரர்கள் நம்பமாட்டார்கள், எங்கள் காலத்தில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் புளியமரத்தடியில் மேஜை போட்டிருக்கும் ஆளைத் தாண்டி உள்ளே போகவே முடியாது.

டாக்டர் சான்றிதழில்தான் முதல் கோளாறு. படிவம் 1ஏ என்று ஒன்று, பார்வை, நிறம் பிரித்தறிதல், இரவில் கண் தெரிவது, காது கேட்பது எல்லாம் டாக்டர் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு கிளினிக்கைக் காட்டினார். போனோம். வாசலில் இருந்த பெண் படிவத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. மாப்பிள்ளை பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றுவதற்குள் கையெழுத்து, சீல் எல்லாவற்றோடும் படிவம் திரும்பி வந்துவிட்டது. டாக்டர் பையனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அக்கா வீட்டுக்காரர் "அதான் கெடச்சிருச்சுல்ல, விடுங்க மாப்ள" என்றார். விடவில்லை. ஒன்டாரியோவில் 46 வயதுக்குக் கீழே இருக்கிறவன் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, அதைத் தாண்டினால் 64 வயது வரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை மருத்துவ அறிக்கை அனுப்ப வேண்டும், நான் அனுப்பிப் பழகியவன். ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இடது கண்ணில் தூரப்பார்வை மங்கல், மைனஸ் முக்கால். இத்தனை நாள் ராத்திரி எதிரே வருகிற லைட் எல்லாருக்கும் சிதறித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். கண்ணாடி போட்டு, வேறு டாக்டரிடம் ஒழுங்காகப் பார்த்துப் புதுப் படிவம் வாங்கினோம். கண்ணாடி போட்ட அன்று ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் பைபாஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்தது டிரைவிங் ஸ்கூல். ஹெவிக்கு ஸ்கூலைத் தவிர்க்க முடியாது, பயிற்சி முடித்ததாக அவர்கள் கொடுக்கிற படிவம் 5 இல்லாமல் டெஸ்டுக்கு விண்ணப்பிக்க முடியாது, டெஸ்டுக்கு வண்டியும் அவர்களுடையதுதான். சேரும்போதே ஹெவிக்கு ஒரு தொகை, "பேட்ஜுக்கு" (சரக்கு, வாடகை வண்டி ஓட்ட லைசன்ஸில் ஏற்றுகிற தனி அனுமதி) தனியாக ஒரு தொகை என்றார் ஓனர். எதுக்குங்கண்ணா பேட்ஜ் என்றேன். "டாட்டா ஏஸ் ஓட்டோணும்னா அது வேணுமுங்க." வேண்டியதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியை லைட் லைசன்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. போனில் செய்தியை எடுத்துக் காட்டினேன். "வெளிநாட்டுக்காரர் வெவரமாத்தான் வந்திருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே அந்தத் தொகையைக் கழித்தார். லைட் லைசன்ஸ் வைத்திருக்கிற எத்தனை பேர் அந்தத் தொகையைக் கட்டிவிட்டுப் போயிருப்பார்களோ.

பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்க்க நாலாம் நாள் காலையில் மைதானத்துக்குப் போனேன். பழைய லாரி ஒன்று, கேபினில் ஆறு பையன்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம். மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்து மைதானத்தை ரெண்டு சுற்றுச் சுற்றி நிறுத்தினான், இறங்கினான், அவ்வளவுதான். நன்றாகத்தானே ஓட்டினான் என்று நினைத்தேன். ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னான்: "கிளட்ச் பூராம் மாஸ்டர் கால்லதான் மாமா இருக்குது." ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம், பாதுகாப்புக்கு. இங்கே அதை வைத்து அவரே வண்டியை ஓட்டிவிடுகிறார், பையன் ஸ்டியரிங்கை மட்டும் திருப்புகிறான். மறுநாள் நான் போய் மாஸ்டரிடம் பேசினேன். அவரும் பாவம், "பையனுக கிளட்ச்ச எரிச்சிட்டா ஓனர் என் சம்பளத்துல புடிப்பாருங்க" என்றார். கடைசியில் ஓனரிடம் பேசி, அதிகப்படி டீசலுக்கு நான் பணம் கொடுத்து, மாப்பிள்ளைக்கு மட்டும் மதியம் ஒரு மணி நேரம் தனியாக ஏற்பாடு ஆயிற்று. டாலர் கையில் இருக்கிறவனால் இது முடிந்தது. மற்ற ஐந்து பேர் பத்து நிமிடத்தோடுதான் படிவம் 5 வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் இன்னொன்று. அந்த வண்டி காலி. மைதானம் சமதளம். பதினாறு டன் ஏற்றிய வண்டி ஏர் பிரேக்கோடு இறக்கத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று ஆறு பேரில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. ஒன்டாரியோவில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் காற்றை இறக்கிப் பஸ்ஸர் எப்போது கத்துகிறது, காற்று போனால் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற ஸ்பிரிங் பிரேக் எப்போது தானாக விழுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிக் காட்டினால்தான் பாஸ். இங்கே பாடத்திட்டத் தாளில் எல்லாம் இருக்கிறது, மைதானத்தில் இல்லை.

இதைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் தெருவில் இருக்கிற ஒரு பெரியப்பா. நாப்பது வருடம் வட இந்திய லைன் ஓட்டியவர். அவர் இப்போதும் மாதத்துக்கு ரெண்டு டிரிப் போகிறார். பெங்களூரிலிருந்து லோடோடு திரும்புகிற ஒரு டிரிப்பில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டார், நானும் தொற்றிக்கொண்டேன். தர்மபுரி தாண்டி டீக்கடையில் நிறுத்தினார். வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு வந்தார், மாப்பிள்ளையைப் பின்னால் நடக்கச் சொன்னார். ரெட்டை வீலில் உள் டயரைத் தட்டியபோது சத்தம் மாறியது, ணங் என்று வராமல் சொத் என்று, காற்று குறைந்த டயர் அப்படித்தான் கேட்கும். "கேட்டியா சாமி?" என்றார். மாப்பிள்ளைக்குக் கேட்கவில்லை. பக்கத்து டயரைத் தட்டி, மறுபடி இதைத் தட்டி, மூணு தடவை. நாலாவது தடவை அவன் முகம் மாறியது. நான் இந்தச் சோதனையை அங்கே கேஜ் வைத்துச் செய்கிறவன், எனக்கே மூன்றாவது தடவைதான் பிடிபட்டது.

பாளையம் டோல்கேட் தாண்டியதும் தொப்பூர் இறக்கம். சேலம் பக்கம் இறங்குகிற அந்தச் சில கிலோமீட்டரில் எத்தனை விபத்து என்று தமிழ்நாட்டில் பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்கள், எஞ்சின் பிடிமானம் போய்விடும், முழுப் பாரமும் கால் பிரேக்கில் விழும், டிரம் சூடாகி லைனர் பிடிக்காது, மிதித்து மிதித்துக் காற்றும் இறங்கிவிடும். பெரியப்பா மேட்டிலேயே ரெண்டாம் கியருக்கு வந்துவிட்டார். எஞ்சின் உறுமிக்கொண்டே இறங்கியது, பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன, அவர் கண்டுகொள்ளவில்லை. "எந்த கியர்ல ஏறுவியோ அதுலதான் எறங்கோணும். மிச்சம் புடிச்ச டீசல யாருக்குக் குடிக்கக் குடுப்ப?" ரெட்டைப் பாலத்தைத் தாண்டுகிறவரை கேபினில் யாரும் பேசவில்லை. என் ஸ்கூலில் எட்டாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து நான் கற்றுக்கொண்டதும் இதேதான், கொஞ்சம் நாகரிகமான வார்த்தையில்.

டெஸ்ட் 36-ஆவது நாள். பிரேக் இன்ஸ்பெக்டர் (எங்கள் ஊரில் மோட்டார் வாகன ஆய்வாளருக்கு இன்றும் அதுதான் பேர்) மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். பெயர், வயது, நாலு சிக்னல் கேள்வி. நேராக ஓட்டச் சொன்னார், நிறுத்தி ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். மாப்பிள்ளை கொஞ்சம் வளைத்துவிட்டான், நிறுத்தி நேராக்கி மறுபடி எடுத்தான். கிளட்ச் அவன் காலில்தான் இருந்தது, வெளியே நின்ற எனக்கே அது தெரிந்தது, வண்டி ஒரு தடவை குலுங்கியது. எல்லாம் ஆறு நிமிடம். பாஸ். காத்திருந்தது மூன்றரை மணி நேரம், நிழலுக்கு ஒரு தகரக் கொட்டகை, குடிதண்ணீர் வெளியே டீக்கடையில்தான். லைசன்ஸ் வாங்க வந்தவர்களுக்கு ஒரு கழிப்பறை திறந்து வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

கார்டு கையில் தருவதில்லை, 2024-லிருந்து தபாலில்தான் வருகிறது. நான் கிளம்பும் வரை வரவில்லை, ஆனால் போனில் இருக்கிற அரசு ஆப்பான டிஜிலாக்கரில் ரெண்டாம் நாளே ஏறிவிட்டது. ஹெவிக்கான செல்லுபடி ஐந்து வருடம், முன்பு மூன்றாக இருந்தது. ஊருக்கு வந்து முயற்சி பண்ணுகிறவர்களுக்கு ஒன்று: சாரதியில் போன் நம்பரை உங்கள் வெளிநாட்டு நம்பரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், ஓ.டி.பி. எல்லாம் யாருடைய லைசன்ஸோ அவர் போனுக்கே போகட்டும். நான் உதவி பண்ணுகிறேன் என்று என் ஊர் சிம்மைக் கொடுத்துவிட்டு அதை மாற்ற ஒரு முழுநாள் அலைந்தேன்.

போன வாரம் மாப்பிள்ளை பேசினான். கார்டு வந்துவிட்டதாம். பெரியப்பாவோடு பெங்களூர் லைனில் செகண்ட் டிரைவராகப் போகிறான். போகும்போது கிருஷ்ணகிரி வரை இவன் ஓட்டுகிறான், திரும்பும்போது பாளையம் டோல்கேட்டில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி அவர் ஸ்டியரிங்குக்கு மாறிக்கொள்கிறாராம். "இன்னும் எத்தன டிரிப்புக்கு மாமா?" என்று என்னிடம் கேட்கிறான். பெரியப்பாவிடமே கேள் என்று சொல்லியிருக்கிறேன்.