அரசனும் தீர்க்கதரிசியும்: யூத மரபில் யார் சொல் மேலோங்கும்?

அரசனுக்குப் படை உண்டு, வரி உண்டு, வாரிசு உண்டு. தீர்க்கதரிசிக்கு வாய்ச்சொல் மட்டுமே. யார் யாருக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதில் யூத வேதத்துக்குத் தயக்கமே இல்லை.

யூத வேதத்தின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் 17-ஆம் அதிகாரம் அரசனுக்குக் கடிவாளம் போடுகிறது. குதிரை, மனைவி, பொன், வெள்ளி எதையும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது. தோராவின் (மோசேயின் சட்டநூலின்) பிரதியொன்றை எழுதி வாழ்நாள் முழுவதும் வாசிக்க வேண்டும். போருக்குப் போனாலும் அது கூடவே போக வேண்டும் என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. (மனைவியரையும் பொன்னையும் குவித்த அரசன் சாலொமோன் இதையெல்லாம் எப்படிக் கடைப்பிடித்தான் என்று கேட்காதீர்கள்!)

தீர்க்கதரிசனத்துக்குப் பரம்பரை தேவையில்லை. தீர்க்கதரிசி ஆமோஸ் ஆடு மேய்த்தவர். இன்னொரு தீர்க்கதரிசியான நாத்தான், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வந்தனின் கதையைச் சொல்ல, அரசன் தாவீது கொதித்தெழுந்தான். அந்த ஆள் நீதான் என்றார் நாத்தான். தன் வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைச் சாகடித்த அரசன் பாவத்தை ஒப்புக்கொண்டான். தீர்க்கதரிசி எரேமியாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவரைச் சேற்றுக் குழியில் இறக்கினார்கள்.

அரசனை ஏற்படுத்துவது வேதத்தின் கட்டளை என்றார் இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ். அரசர்களின் நிதியைக் கையாண்டு, 1492-இல் ஸ்பெயினை விட்டு வெளியேற நேர்ந்த யூத அறிஞர் அபரவனேலோ அரசனே தேவையில்லை என்றார். அரண்மனையை உள்ளிருந்து பார்த்தவர் அவர். என் சாய்வு அவர் பக்கம்தான்.