கட்டாகும் கன்ட்ரோலர்கள்: சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

பிஎஸ்5 விளையாட்டுக் கருவியின் டூயல்சென்ஸ், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர், நின்டெண்டோ சுவிட்ச் புரோ கன்ட்ரோலர், கணினியில் டாங்கிள் எனும் சிறு யூஎஸ்பி அலைவாங்கியைச் செருகிப் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரகம் என வயர்லெஸ் கன்ட்ரோலர்கள் நான்கையும் ஒரே வரவேற்பறையில் நெடுநாள் புழங்கிப் பார்த்ததில், இணைப்பு அறுவதற்குக் கன்ட்ரோலரே காரணமாக இருப்பது குறைவு. இருந்தும் பலர் முதலில் செய்வது மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்குவதுதான். அதுவும் அதே சோபாவில் அதே மாதிரி கட்டாகும்.

எப்போது கட்டாகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அணைந்தால் அது பழுதே அல்ல. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் 15 நிமிடம் தொடாமல் இருந்தால் தானே அணையும். அதிர்வு வரும் கட்டத்தில் மட்டும் விட்டுப்போனால் மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். சாய்ந்து உட்காரும்போதோ, மாலையில் வீடு நிறைந்த பிறகோ பட்டன்கள் தாமதித்து, அப்புறம் விட்டுப்போனால் அலைவரிசைத் தொல்லை. நேற்று கைப்பேசியோடு இணைத்துவிட்டு இன்று டிவி முன் எடுத்தால் வேலை செய்யவில்லை என்றால் பேரிங் (கன்ட்ரோலரையும் கருவியையும் ஜோடி சேர்ப்பது) குழம்பியிருக்கிறது.

மின்சாரத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அதிர்வு மோட்டார் சுழலும்போது மின்னோட்டம் சட்டென்று ஏறும். தளர்ந்த பேட்டரியில் அந்த நொடி மின்னழுத்தம் சரிந்து, கன்ட்ரோலர் அணைந்துவிடும். எக்ஸ்பாக்ஸில் இரண்டு ஏஏ பேட்டரிகள். சாதாரண ஆல்கலைன் தலா 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் ரகம் தலா 1.2 வோல்ட். நிக்கல் ரகம் கடைசிவரை ஒரே சீராக ஓடிவிட்டுத் திடீரென விழும், அதனால் எச்சரிக்கை தாமதமாகவே வரும். கன்ட்ரோலரை லேசாகத் தட்டினால் கட்டாகிறதா? ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது தொடுமுனையில் பேட்டரி கசிந்து பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறது. பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு சுத்தம் செய்து உலரவிட்டால் சரியாகும். நம் ஊர் ஈரப்பதத்தில் பேட்டரியை உள்ளேயே விட்டு மாதக்கணக்கில் அலமாரியில் போட்டுவைப்பது இதற்கு நல்ல வரவேற்பு.

இனி அலைவரிசை. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் நிஜமான எதிரி இங்கேதான் இருக்கிறது. புளூடூத் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் 79 தடங்களுக்கு இடையே நொடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே பேசும். நெரிசலான தடங்களைக் கண்டு அவற்றைத் தவிர்க்கவும் அதற்குத் தெரியும். ஆனால் 20 மெகாஹெர்ட்ஸ் அகல வைஃபை ஒன்று இருந்தாலே ஏறக்குறைய 20 தடங்கள் போய்விடும். 40 அகலத்தில் விட்டால் பட்டையில் பாதி போய்விடும். மேலே, கீழே, இரு பக்கமும் அண்டை வீட்டு ரூட்டர்கள். தாவ இடம் ஏது?

ஆகவே ரூட்டர் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் கட்டிவையுங்கள். தடத்தை 1, 6, 11 ஆகியவற்றில் எது காலியாக இருக்கிறதோ அதில் நிறுத்துங்கள். தடம் 3, 4 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் தொல்லை. டிவி, கைப்பேசி, மடிக்கணினி எல்லாவற்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, 2.4-ஐ ஸ்மார்ட் பிளக் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு மட்டும் விடுங்கள். எங்கள் கணக்கில், காசு செலவில்லாமல் அதிகப் பலன் தந்தது இந்த ஒரு மாற்றம்தான்.

அடுத்தது இடம். டிவி கன்சோல் அலமாரிக்குள் ரூட்டர், அதன் மேல் வைஃபையை வீடெங்கும் பரப்பும் மெஷ் பெட்டி, பக்கத்தில் கேம் கருவி என்று நெருக்கியடித்து வைப்பது பல வீடுகளின் வழக்கம். ரூட்டருக்கும் கருவிக்கும் இடையே குறைந்தது ஒரு மீட்டர் விடுங்கள். டிவிக்குப் பின்னால், உலோகப் பொருளுக்குள் அல்லது அதன் அடியில், கம்பிக் குவியலுக்கு மேல், மீன் தொட்டிக்கு அருகே வைக்கக் கூடாது என்று நின்டெண்டோவே அறிவுறுத்துகிறது. மீன் தொட்டி வேடிக்கைக்குச் சொன்னதல்ல. தண்ணீர் இந்த அலையை விழுங்கும். மனித உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தான், அதனால் கருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடினாலும் இணைப்பு தடுமாறும். 1998-க்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் உள்ள பாம்ப் ஷெல்டர் எனும் பாதுகாப்பு அறையின் தடித்த கான்கிரீட் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இணைக்கப் பார்ப்பது வீண் முயற்சி.

மூன்றாவது, பலரும் நம்ப மறுப்பது: யூஎஸ்பி 3.0. அதன் வேகமான தரவு ஓட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கசியவிடும் என்று இன்டெல் 2012-லேயே ஆவணப்படுத்தியிருக்கிறது. கேம்களைச் சேமிக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு விளையாடிப் பாருங்கள். கட்டாவது நின்றால், டிஸ்க்கைத் தள்ளிவைத்து, நன்கு கவசமிட்ட குட்டைக் கம்பியைப் போடுங்கள். டாங்கிள் ரகத்துக்கு ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி போதும்: கணினிப் பெட்டியின் பின்புறத்திலிருந்து டாங்கிளை வெளியே கொண்டுவந்து, கன்ட்ரோலர் கண்ணில் படும்படி மேசைமேல் வையுங்கள். நாலைந்து வெள்ளி செலவு, புதிய கன்ட்ரோலரின் விலை மிச்சம்.

பேரிங் குழப்பத்துக்கு வருவோம். டூயல்சென்ஸின் பின்புறத்தில் சிறு துளை ஒன்று உண்டு. பிஎஸ்5-ஐ அணைத்துவிட்டு, ஊசிமுனையால் அதை ஐந்து நொடி அழுத்தி, யூஎஸ்பி கம்பியால் கருவியோடு இணைத்துப் பிஎஸ் பட்டனைத் தட்டுங்கள். இங்கே பலர் சறுக்குவது கம்பியில். சார்ஜ் மட்டும் செய்யும் கம்பியில் தரவு போகாது; விளக்கு எரியும், பேரிங் நடக்காது. எக்ஸ்பாக்ஸில் மேல்விளிம்பில் உள்ள பேரிங் பட்டனை விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை அழுத்திப் பிடிக்கவேண்டும். சுவிட்ச் புரோவில் சார்ஜ் துளைக்கு அருகேயுள்ள சிங்க் பட்டனை ஒரு முறை தட்டி அணைத்து, வேறொரு பட்டனால் எழுப்பினால் பல நேரம் அதுவே போதும். சுவிட்சில் இன்னொரு பொறி: புளூடூத் இயர்போன் இணைத்திருக்கும்போது இரண்டு கன்ட்ரோலர்களுக்கு மேல் வயர்லெஸ்ஸில் இணைக்க முடியாது. நால்வர் விளையாட உட்கார்ந்து இதில் தலையைப் பிய்த்துக்கொள்வோர் உண்டு.

ஃபர்ம்வேரை, அதாவது கன்ட்ரோலருக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். டூயல்சென்ஸுக்குப் பிஎஸ்5-இன் அமைப்புகளில் துணைக்கருவிகள் பகுதி. எக்ஸ்பாக்ஸுக்கு விண்டோஸிலும் கிடைக்கும் எக்ஸ்பாக்ஸ் அக்சசரீஸ் செயலி. சுவிட்சில் கன்ட்ரோலர்கள், சென்சார்கள் பகுதி.

கணினியில் ஆடுபவர்களுக்குத் தனித் தலைவலி. டிவைஸ் மேனேஜரில் புளூடூத் அடாப்டரின் பண்புகளைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற தேர்வை நீக்குங்கள். மதர்போர்டிலேயே புளூடூத் இருக்க, கூடுதலாக யூஎஸ்பி டாங்கிளையும் செருகினால் விண்டோஸ் தடுமாறும். உள்ளே இருப்பதை முடக்குங்கள். மேசைக் கணினி வாங்கியதும் பெட்டியில் கிடக்கும் ஆன்டெனாவைத் திருகாமலே விடுபவர்கள் அதிகம். அது வைஃபைக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள், புளூடூத்துக்கும் அதுதான்.

எங்கள் தரவரிசை இது: நெரிசலான புளோக்கில் சொல்பேச்சுக் கேட்பது, நீட்டிப்புக் கம்பியில் டாங்கிளை வெளியே வைத்த கணினி ரகம். அடுத்து எக்ஸ்பாக்ஸ், பேட்டரியை நொடியில் மாற்ற முடிவதால். டூயல்சென்ஸ் கைக்கு இதம், ஆனால் புளூடூத்தை மட்டுமே நம்பியிருப்பதால் வைஃபையைச் சீர்செய்யாத வீட்டில் முதலில் திணறுவது அதுதான். பந்தயம், சண்டை ஆட்டங்களுக்கு அமைப்புகளில் தொடர்புமுறையை யூஎஸ்பி கம்பிக்கு மாற்றிவிடுங்கள்; கம்பியைச் செருகினால் மட்டும் போதாது, அது சார்ஜோடு நின்றுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அடங்கவில்லை என்றால், முழு சார்ஜோடு வேறொரு வீட்டுக்கு எடுத்துப்போய், அங்குள்ள கருவியோடு ஒரு மீட்டர் தூரத்தில் ஆடிப் பாருங்கள். அங்கும் கட்டானால் உள்ளே ஆன்டெனாவோ பேட்டரியோ போயிருக்கிறது. உத்தரவாதக் காலம் முடியும்வரை திருகைத் தொடாதீர்கள், ரசீதோடு வாங்கிய கடைக்குப் போங்கள்.