அம்மாவின் மாத்திரை அட்டையும் ஒரு புதன்கிழமையும்

நாலு வருடம் கழித்துப் பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். விமானம், கார், பேங்க் வேலை எல்லாம் ஒழுங்காக நடந்தது, அதை விடுங்கள். மூன்றாம் நாள் காலையில் தோளில் பையோடு ஒரு பெண் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ஏதோ விற்க வந்தவர் என்று நினைத்து, "ஒண்ணும் வேண்டாம்மா" என்றேன். "டேய், நம்ம மேலத்தெரு மருமகடா, பிரஷர் பாக்க வந்திருக்கு" என்று அம்மா உள்ளிருந்து சத்தம் போட்டாள்.

மக்களைத் தேடி மருத்துவம்: வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் தமிழக அரசுத் திட்டம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அதைத் தொடங்கிய செய்தியை லண்டனில் படித்துவிட்டு, போட்டோவுக்கு நல்லா இருக்கும் என்று தள்ளியவன் நான்.

அவர் பிரஷர் பார்த்தார், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். அப்புறம் போன மாதத்து மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் திருப்பி எண்ணினார். முப்பதில் பதினொன்று அப்படியே இருந்தது.

"ஏன் அத்தே, தலை சுத்துற அன்னிக்கு மட்டும் போடுறீங்களா?"

அம்மா முந்தானையை நீவிக்கொண்டிருந்தாள். ஞாயிறு தவறாமல் வீடியோவில் நான் கேட்பேன், "மாத்திரை போட்டியாம்மா?" "போட்டேன்யா." நாலு வருடமாக அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். பிரஷருக்கு வலி கிடையாது. வலிக்காத நோய்க்கு யார் தினமும் மாத்திரை போடுவார்கள்? மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதைவிட, இப்படி ஒருத்தர் உட்கார்ந்து அட்டையை எண்ணுவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இத்தனைக்கும் அவருக்குச் சம்பளம்கூட இல்லை, ஊக்கத்தொகைதான்.

"கையோட உங்களுக்கும் பார்த்துடறேண்ணே" என்றார். 162/100.

இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை உண்டு. எனக்கும் இரண்டு முறை கடிதம் வந்தது. இரண்டும் மேஜை டிராயரில் கிடக்கின்றன. அங்கே கடிதம் வரும், ஆள் வரமாட்டார்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னார். போனேன். அன்றைக்குப் புதன்கிழமை! தடுப்பூசி நாள் என்பதே மறந்துபோயிருந்தது. சின்ன வயதில் மிக்ஸர் மருந்துக்குப் பாட்டில் எடுத்துக்கொண்டு நான் நின்ற அதே வராந்தாவில், இப்போது நாற்பது குழந்தைகளும் நாற்பது அம்மாக்களும். ஒரு குழந்தை அழுதால் ஊசிக்குக் காத்திருக்கும் மற்றதெல்லாம் சேர்ந்து அழுகிறது. ஃபேன் ஒன்றுதான் ஓடியது. புதன்கிழமை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அந்தப் பெண்மேல் கோபம்கூட வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து நர்ஸம்மா கையில் பட்டையைச் சுற்றினார். 170. "இந்தச் சத்தத்துல யாருக்கும் ஏறும். வெள்ளிக்கிழமை வாங்க." வியாழன் இரவு எனக்கு விமானம்.

போன ஞாயிறு வீடியோவில், "அட்டையைக் காட்டும்மா" என்றேன். காட்டினாள், திருப்பியும் காட்டினாள். "சரி, உன் அட்டை எங்கடா?"

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு டாக்டர் ஆபீசுக்குப் போன் போடணும்மா. லைன் கிடைச்சாத்தான்" என்றேன்.