மழைநீர்க் குழாய் சந்து வழியாகவா, தெரு வழியாகவா?

செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பே இந்தக் கேள்வியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வீடு நீண்டுகொண்டே போகும். இரண்டு வீட்டு நெடுஞ்சுவர்களுக்கு இடையில் நாலடிச் சந்து. மழைத்தண்ணீர் பள்ளம் பார்த்து இந்தச் சந்தில் இறங்கி, பின்தெருவைத் தாண்டி ஊருணிக்குப் போய்ச் சேரும்.

இப்போது அது போய்ச் சேருவதில்லை. எங்கள் எதிர்வீட்டு வாசலில் ஐந்து கல்படிகள் இருந்தன. பழைய சாலை மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டு, இன்று மூன்றுதான் முழுசாகத் தெரிகின்றன. நான்காவது படியின் விளிம்பு மட்டும் சாலைக்கு மேலே ஒரு விரற்கடை எட்டிப் பார்க்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அதற்குள் ஏறிய உயரம் ஏறியதுதான். மழை பெய்தால் தண்ணீர் தெருவிலேயே நிற்கிறது. மழைநீர்க் குழாய் பதிக்கலாம் என்று பேரூராட்சியில் பேச்சு வந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

தெரு வழியே போனால் யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். நிலம் பேரூராட்சியுடையது, தீர்மானம் போட்டால் வேலை தொடங்கலாம். இது பெரிய வசதிதான். ஆனால் சரிவு இடிக்கிறது. எங்கள் தெருவில் நாங்களே டேப் பிடித்து அளந்தோம். சந்து வழி 70 மீட்டர், தெருவைச் சுற்றிப் போனால் 280 மீட்டர். 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்று வைத்தாலும், சந்து வழியில் குழாய் 35 சென்டிமீட்டர் இறங்கினால் போதும். சுற்று வழியில் 1.4 மீட்டர் இறங்க வேண்டும். ஊருணிக்குள் தண்ணீர் விழும் வாய் அதைவிட மேட்டில் இருக்கிறது. தண்ணீர் மேடேறாது. உங்கள் தெருவில் சரிவு ஒத்துவந்தால் யோசிக்கவே வேண்டாம், தெரு வழியே பதியுங்கள். மேலே பேவர் பிளாக் போடச் சொல்லுங்கள். பழுது வந்தால் கல்லைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கலாம், சிமெண்ட் சாலையை வெட்டத்தான் வேண்டும்.

சரி, சந்து வழிதான் என்றால் அது தனியார் நிலம். அங்கே மூன்று விதமாகப் போகலாம்.

முதலாவது, வாய்ச்சொல் அல்லது வெள்ளைத்தாள் சம்மதம். பக்கத்து வீட்டு ஆச்சி என்னிடம், "இதுக்கு எதுக்குப்பா பத்திரம்? தோண்டிக்கிட்டுப் போங்க" என்றார்கள். மனசாரச் சொன்ன சொல் அது. இருந்தும் எனக்கு இதில் உடன்பாடில்லை. அடுத்தவர் நிலத்தில் வழி, தண்ணீர் போன்றவற்றுக்கு உள்ள பாத்தியத்தைப் பற்றிய 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் இதற்குப் பெயர் வெறும் அனுமதி. 59-ஆம் பிரிவின்படி, அனுமதி கொடுத்தவர் சொத்தை விற்றுவிட்டால் வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. இங்கே வீடுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. சில ஹோட்டலாகின்றன, சிலவற்றில் தூணும் நிலைக்கதவும் தனித்தனியாகப் பிரிந்து போகின்றன. அடுத்த தெருவில் இப்படித்தான் வாய்ச்சொல்லை நம்பிப் பதித்தார்கள். வீடு கைமாறியது. புதிதாக வந்தவர் குழாய் வாயில் சிமெண்டைக் குழைத்து அடைத்துவிட்டார். அந்த ஐப்பசியில் நாலு வீட்டுத் திண்ணை வரை தண்ணீர்.

20 வருஷம் தண்ணீர் போனால் பாத்தியம் தானாக வந்துவிடுமே என்பார்கள். 15-ஆம் பிரிவு அப்படிச் சொல்வது, உரிமை என்றே தடையில்லாமல் அனுபவித்தவருக்கு. கேட்டு வாங்கிய அனுமதியில் ஓடிய தண்ணீருக்கு அது பொருந்தாது. அனுமதிக் கடிதம் வைத்திருப்பவர்கள் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, தானப் பத்திரம். சந்து நிலத்தையே பேரூராட்சிக்கு எழுதிக் கொடுப்பது. இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்துவிட்டால் பிறகு வழக்கே இல்லை. ஏற்கெனவே ஊரே நடந்துபோகும் அகலமான சந்து என்றால் இதுதான் முறை. எங்கள் சந்துக்கு இது அதிகம். குழாய்க்கு வேண்டியது இரண்டடி, கைவிட்டுப் போவது சந்து முழுவதும். அப்புறம் நெடுஞ்சுவருக்குச் சுண்ணாம்பு பூச ஏணி சாத்த வேண்டும் என்றாலும் அது பொதுவழியாகிவிட்டிருக்கும். வீட்டுக்காரர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, பதிவு செய்த வசதியுரிமைப் பத்திரம். என் ஓட்டு இதற்குத்தான். நிலம் குடும்பத்திடமே இருக்கும், குழாய் போகும் பாத்தியம் மட்டும் பேரூராட்சிக்கு. வில்லங்கச் சான்று போட்டால் தெரியும் என்பதால் நாளை வாங்குகிறவர் தெரிந்தே வாங்குவார். சர்வே எண்ணோடு வரைபடம், குழாயின் அகலம், ஆழம், பழுது பார்க்க உள்ளே வரும் உரிமை, தோண்டிய குழியை எத்தனை நாளில் மூடுவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மழைநீர் மட்டும் என்றும் எழுதுங்கள். யாராவது குளியலறைக் குழாயை அதில் சொருகினால் ஊருணி போய்விடும்.

இதன் கஷ்டம் பங்காளிகள். கூட்டுச் சொத்தில் ஒருவர் மட்டும் இந்த உரிமையைக் கொடுக்க முடியாது, எல்லோரும் சம்மதிக்க வேண்டும். வசதியுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு அப்படித்தான். ஆச்சி வீட்டில் 14 பங்கு. சென்னையில் சிலர், கோயம்புத்தூரில் சிலர், மலேசியாவில் ஈப்போவில் ஒருவர். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பலாம். அது இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

மற்ற 13 பேரும் ஊரில் ஒன்றாக இருக்கும் நேரம் ஒன்று உண்டு. படைப்பு, அதாவது பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையல் போடும் நாள். அதற்கு அடுத்த வேலை நாளுக்கு இப்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போட்டு, எல்லோரும் ஒரு நாள் கூடத் தங்கிப் போகச் சொல்லியிருக்கிறோம். ஆச்சியே போன் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.